பதினோராவது கோப்பு

டேப்பைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை அவளே நகத்தால் கிழித்து, அவளே பெட்டியிலிருந்து எடுத்து, அவளே டேப்பில் கோப்புகளை எழுதும் டிரைவுக்குள் தள்ளியிருந்தாள். அதில் ஒரு எழுத்துகூட இருக்க வழியில்லை. ஆனால் திரையில் வந்த வரி வேறு மாதிரி சொன்னது: டேப் காலியாக இல்லை.

“அட, உனக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டாள்.

இயந்திரங்களோடு பேசுவது அவளுடைய பழக்கம். அந்த மருத்துவமனையின் கணினிகளைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள், கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவைக்கிற பேக்கப் அக்கா. காவலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதிலுக்கு இவள் அவரை அண்ணே என்பாள். யாருடைய கோப்பு தொலைந்தாலும் முதலில் தேடப்படுகிறவள் அவள். கிடைத்ததும் முதலில் மறக்கப்படுகிறவளும் அவள்தான்.

போன மாதம் தேடியது கிடைக்கவில்லை. மூலமும் பிரதியும் இருந்த டிஸ்குகள் இரண்டும் ஒரே நாளில் படுத்துவிட, ஒன்பது நாள் ஸ்கேன் படங்கள் போயின. அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்த ஒருவருக்கு எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து முடிக்கும்வரை அவர் உடம்பு தாங்கவில்லை. அவருடைய மனைவி கணினி அறைக்கு வெளியே வந்து நின்று, யாரையும் திட்டாமல், “அந்தப் படமெல்லாம் எங்கதாம்மா போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பேக்கப் அக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். “டிஸ்கை நம்பினது போதும். டேப்லயும் ஒரு பிரதி இருக்கணும். எந்த டிரைவுன்னு திங்கட்கிழமைக்குள்ள நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க.”

மென்பொருள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விட்டுவைத்த திறந்த மூல மென்பொருள். அவளுக்கு அதில் ஒரு நம்பிக்கை, ஒளிவுமறைவு இல்லாத ஆளிடம் வருகிற நம்பிக்கை. சிக்கல் ஒன்றுதான். அது எல்லா டிரைவுகளோடும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதோடு ஒரு சோதனை நிரல் வரும். பத்துக் கோப்புகளை எழுதும். தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போகும். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும். மூன்றைத் தாண்டு, ஒன்று பின்னால் வா என்று ஏவும். கடைசியில், முடிவுக்குப் போய் அங்கிருந்து தொடர்ந்து எழுது என்னும்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஊரே வெயிலில் சோம்பிக் கிடக்கும் நேரத்தில், தரைக்குக் கீழே இருந்த அந்த அறைக்கு வந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. குளிரூட்டியின் இரைச்சல் காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஒரே சீராக நிற்கும். சூடேறிய தூசியின் வாசம். இரும்புக் கதவு, அட்டையைக் காட்டினால் திறப்பது. உள்ளே செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் அவள் எப்போதும் போல அதைக் காவலாளியின் மேசையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

மேசைமேல் மூன்று டிரைவுகள் வரிசையாக இருந்தன. முதலாவது புத்தம் புதியது. தன்னைத் தயாரித்தவர்களின் மென்பொருளைத் தவிர வேறு யாரோடும் பேசமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டாவது எல்லாம் செய்தது, முடிவுக்குப் போ என்றால் மட்டும் ஒரு கோப்பு முன்னதாகவே நின்றது. அப்படியே விட்டால் நேற்றைய பேக்கப்பின் தலைமேல் இன்றைய பேக்கப்பை எழுதிவைக்கும். இரண்டையும் ஓரமாகத் தள்ளினாள்.

மூன்றாவது, பழைய கணினிப் பொருள் விற்கும் வியாபாரி அனுப்பியது. கருஞ்சாம்பல் நிறம். முகப்பில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும். பின்பக்கத்தில் இருந்த எண்ணை வைத்துத்தான் அது எந்த வகை என்று கண்டுபிடித்தாள். மென்பொருளை உருவாக்கும் தன்னார்வலர்கள் எந்த டிரைவ் தேறியது, எது தேறவில்லை என்று இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்த எண்ணுக்கு எதிரே ஒரே ஒருவர் எழுதியிருந்தார்: எல்லாச் சோதனையிலும் தேறியது. சொன்னதை எழுதும். சொல்லாததையும் எழுதும். யாரோ குசும்பு பிடித்த ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலியாக இல்லை என்று சொன்ன டேப்பை அழித்துவிட்டு, சோதனையை ஓடவிட்டாள்.

அது ஓடியவிதம் அழகாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சர்ரென்று ஓடி, நின்று, ஒரு கணம் யோசித்து, மறுபடி சர்ரென்று ஓடியது. எழுதும்போது ஆரஞ்சு விளக்கும் சும்மா இருக்கும்போது பச்சை விளக்கும் எரிந்தன. எந்தக் கட்டளைக்கும் தடுமாறவில்லை. சூடேறச் சூடேற அதன் வாயிலிருந்து ஒரு வாசம் வந்தது. சூடான பிளாஸ்டிக் வாசம் இல்லை. ஈரத் தலையைச் சூட்டுக்காற்றில் உலர்த்தும்போது வருமே, அந்த வாசம்.

பழைய படங்களை டேப்பில் ஏற்றி, சரியாக ஏறியதா என்று ஒப்பிட்டு, ஒன்றுபோல இருந்தால் டிஸ்கில் இருப்பதை நீக்கி இடம் உண்டாக்க வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. அதையும் சேர்த்தே சோதித்தாள். பத்துப் போலிக் கோப்புகள் டேப்புக்கு ஏறின. ஒப்பிடுதல் முடிந்தது. வேறுபாடு இல்லை என்றது திரை. டிஸ்கிலிருந்த மூலம் பத்தும் நீக்கப்பட்டன. எல்லாம் எழுதிவைத்த மாதிரி நடந்தது. “ராசா, நீதான் வேணும் எனக்கு,” என்று டிரைவின் தலையில் தட்டிக் கொடுத்தாள்.

பிறகுதான் எண்ணிக்கையைப் பார்த்தாள். டேப்பில் உள்ள கோப்புகள்: பதினொன்று.

பத்துதான் எழுதியிருந்தாள். மறுபடி எண்ணச் சொன்னாள். டிரைவ் சுற்றிக்கொண்டு முதலுக்குப் போய், பொறுமையாக எண்ணி வந்து, அதையே சொன்னது. பதினோராவதைத் திரும்ப எடு என்று கட்டளை கொடுத்து டிஸ்குக்குக் கொண்டுவந்தாள். என்ன வகைக் கோப்பு என்று பார்த்தால், ஒலிப்பதிவு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

குளிரூட்டியின் இரைச்சல் கேட்டது. முதலில் ஹெட்போன் வழியாக வெளிச் சத்தம்தான் உள்ளே வருகிறது என்று நினைத்தாள். பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் அசையவில்லை. ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். கண்ணாடித் தாள் கிழியும் சத்தம் வந்தது. அப்புறம் மிக அருகில், காது மடலில் உதடு படுகிற அளவுக்கு அருகில், அவளுடைய குரல் கேட்டது.

“அட, உனக்கு என்ன வந்துச்சு?”

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

சரி. எங்கேயோ ஒரு மைக் இருக்கிறது. எழுந்துபோய்த் தேடினாள். கதவுக்கு மேலே இருந்த கேமரா படம் மட்டும் பிடிப்பது, அதை வாங்கியதே அவள்தான். சர்வர்களில் மைக் கிடையாது. ஹெட்போனும் கேட்பதற்கு மட்டுமே. டிரைவின் பின்பக்க மூடியைக்கூடக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். உருளைகள், பற்சக்கரங்கள், எழுதும் தலை. கேட்பதற்கென்று அதில் ஒன்றும் இல்லை. எழுதும் தலையில் மட்டும் ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. நீளமான, பாதி நரைத்த முடி. அவளுடைய முடி மாதிரிதான் இருந்தது. குனிந்து பார்த்தபோது விழுந்திருக்கும் என்று இடுக்கியால் எடுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அறுத்துப் போட்டாள்.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவேண்டும் என்று ஒரு கால் சொன்னது. ஆனால் நாளைக்கு மேலாளரிடம் என்ன சொல்வது? டிரைவ் ஒட்டுக்கேட்கிறது சார் என்றா? தவிர, அவள் சோதனை செய்கிறவள். ஒருமுறை நடந்தது விபத்து. இரண்டாம் முறையும் நடந்தால்தான் அது பழுது.

இன்னொரு புது டேப்பைப் பிரித்தாள். இம்முறை பேசவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. சுவரோடு சாய்ந்து நின்று, புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பத்துக் கோப்புகள் ஏறி முடிகிற வரைக்கும் மூச்சைக்கூட அளந்து விட்டாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. பத்து முடிந்தபிறகும் எரிந்துகொண்டே இருந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை, ஆனாலும் அது எழுதிக்கொண்டிருந்தது.

டேப்பில் உள்ள கோப்புகள்: பன்னிரண்டு.

பதினோராவதில் அறையின் இரைச்சல் மட்டும். பன்னிரண்டாவதில் அவளுடைய குரல், அவசரமில்லாமல், பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோலப் பேசியது.

“ஞாயித்துக்கிழமை கூடவான்னு கேக்கறீங்களே, நான் ஒரு நாள் திரும்பி வராமப் போனாத்தான் உங்களுக்குத் தெரியும்.”

காலையில் கணவர் அப்படித்தான் கேட்டிருந்தார். பேருந்து ஓட்டுகிறவர், ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். எட்டு வயது மகள், வாலு என்றுதான் வீட்டில் பெயர், அன்றைக்கு முதல்முறையாகக் குளத்தின் ஆழமான பக்கத்தில் நீந்தப் போகிறாள். அம்மா நிற்கணும் என்று நான்கு நாளாகச் சொல்லி வைத்திருந்தாள். இவள் ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டேப்பில் இருந்த இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டாள்.

ஹெட்போனில் குரல் தொடர்ந்தது.

“அப்பா எறந்துபோன அன்னைக்கு ராத்திரி போன் பண்ணாரு. சைலண்ட்ல இருந்துச்சு, பாக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சைலண்ட்ல இல்ல. பேர் பார்த்தேன். பேச ஆரம்பிச்சா விடமாட்டாரேன்னு கையில வெச்சுக்கிட்டே, அது அடிச்சு ஓயற வரைக்கும்…”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது மேசையிலிருந்து தொங்கிக்கொண்டு, சின்னக் குரலில் பேசிக்கொண்டே இருந்தது.

பதினொரு வருடம். கணவரிடம்கூடச் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. டேப்பை வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். டிரைவ் வேலையில் இருக்கிறது என்றது திரை. என்ன வேலை? அவள் ஒன்றும் கொடுக்கவில்லையே. ஆரஞ்சு விளக்கு. சர்ரென்று ஓட்டம். நின்று, யோசித்து, மறுபடி. மின்கம்பியைப் பிடுங்கக் குனிந்தவள், திரையில் புது வரி வந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

ஒப்பிடுதல் முடிந்தது. வேறுபாடு இல்லை.

அதன் கீழே, அவளே அமைத்துவைத்த கடைசி வரி.

மூலம் நீக்கப்படுகிறது.

ஓடினாள். மேசை, அலமாரி, கதவு, எட்டே அடி. அட்டையைக் காட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கதவு அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

சுவரில் உள்தொலைபேசி இருந்தது. அதை எடுத்துக் காவலாளியின் எண்ணை அழுத்தினாள்.

“அண்ணே, கீழ மாட்டிக்கிட்டேன். கதவு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து திறந்து விடுங்கண்ணே.”

“யாருங்க பேசறது?”

“நான்தாண்ணே. பேக்கப் அக்கா.”

அந்தப் பக்கம் ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். காவலாளி ரேடியோவைக் குறைத்தார்.

“ஏங்க, வெளையாட வேற ஆள் கெடைக்கலையா? அக்கா இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டு, போனை எடுத்துக்கிட்டுக் கெளம்புனாங்க. அந்தா, வாசல் கேட்டைத் தாண்டிப் போறாங்க பாருங்க.” பிறகு கேட்டார். “நீங்க எந்த ரூம்லேர்ந்து பேசறீங்க?”

“அண்ணே, அது நான் இல்ல. அண்ணே, கேமராவைப் பாருங்க, நான் இங்கதான் நிக்கறேன்.”

“பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். கீழ யாரும் இல்லையே.”

வைத்துவிட்டார்.

அவளுடைய விரல்கள் தாமாகவே அவளுடைய செல்போன் எண்ணை அழுத்தின. நான்கு முறை மணி அடித்தது. எடுத்தார்கள். தெருச் சத்தம். நடக்கிறவரின் மூச்சு.

“ஹலோ?”

தன் குரலைப் பதிவில் கேட்பது வேறு. அது பதில் சொல்வதைக் கேட்பது வேறு. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஹலோ, யாருங்க?” செருப்புச் சத்தம் நின்றது. பிறகு குரல் தணிந்து, ஏறக்குறைய அன்பாக வந்தது. “கீழேர்ந்தா? கதவைத் தட்டாத. கேக்காது.”

மருத்துவமனைக்குப் பின்னாலேயே ஊழியர் குடியிருப்பு. அவள் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடம் முடிவதற்குள் வீட்டு எண்ணை அழுத்திவிட்டாள். கணவர் எடுத்தார்.

“ஏங்க! நான்தாங்க! கதவைத் திறக்காதீங்க. யார் வந்தாலும் திறக்காதீங்க. வாலுவைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கமா…”

“ஹலோ? ஹலோ? யாரு?” என்றார் அவர். “சத்தமே வரலையே.”

“ஏங்க!” அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஒண்ணும் கேக்கல. ஏதோ டிக்கு டிக்குன்னு மட்டும் அடிக்குது.” அவர் முகத்தை ஃபோனிலிருந்து திருப்புவது தெரிந்தது. “வாலு, வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது பாரு.”

சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின. தாழ்ப்பாள் விலகியது. “அம்மா! ரெண்டு மணிக்குள்ள வந்துட்டே!”

இணைப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு தொலைபேசியில் உயிர் இல்லை. அல்லது அவள் விரலுக்கு இல்லை. பொத்தான்கள் அழுந்தவில்லை. கதவுக்குப் போய் இரண்டு முஷ்டிகளாலும் குத்தினாள். எலும்பு வலித்தது. சத்தம் வரவில்லை. அந்த இரும்புக் கதவைக் குழந்தை சுண்டினாலே அறை முழுக்க அதிரும். குத்தினாள். ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால், மேசைமேல் மட்டும், டிக்.

திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு நின்று எரிந்தது.

மறுபடி ஒரு குத்து. டிக். விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

மூன்று குத்து. டிக், டிக், டிக்.

நாற்காலியில் விழுந்தாள். நாற்காலி கிறீச்சிடவில்லை. திரை இருண்டுபோயிருந்தது, கறுத்த அந்தக் கண்ணாடியில் அலமாரி தெரிந்தது, குழல்விளக்கு தெரிந்தது, காலி நாற்காலி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ. தலைக்கு மேலே இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள் அவை. பத்து நிமிடம் அறையில் யாரும் அசையவில்லை என்றால் தாமாகவே அணையும்.

எழுந்து குதித்தாள். கைகளை வீசினாள். அலமாரிக்கும் கதவுக்குமாக ஓடினாள். நான் இருக்கேன், இருக்கேன் என்று கத்தினாள்.

கடைசி விளக்கும் அணைந்தது.

இருட்டில் குளிரூட்டியின் இரைச்சல். பச்சைப் புள்ளி ஒன்று. பசிக்கவில்லை. தாகம் எடுக்கவில்லை. குளிர் மட்டும் இருந்தது. தூங்கலாம் என்றால் கண் மூடுவதற்கும் திறப்பதற்கும் வித்தியாசம் இல்லை. தட்டினாள். டிக். எண்ணினாள். ஆயிரத்தில் விட்டுவிட்டாள். மறுபடி எண்ணினாள்.

கதவு திறந்தபோது வெளிச்சம் முகத்தில் அறைந்தது. திங்கட்கிழமை. மேலாளர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால், அவளுடைய நீலப் புடவையில், அவளுடைய கண்ணாடியோடு, தலையை அவள் வாரிக்கொள்வதுபோலவே வாரிக்கொண்டு, அது உள்ளே வந்தது.

திறந்த கதவை நோக்கிப் பாய்ந்தாள். நிலைப்படி வரைக்கும் போக முடிந்தது. அதற்கு மேல் கால் போகவில்லை. எதிரே தடுப்பு ஒன்றும் இல்லை. போக இடம்தான் இல்லை, டேப்பின் கடைசியில் எழுத இடம் இல்லாமல் போகுமே, அப்படி. திரும்பி வந்து மேலாளரின் கையைப் பிடித்து இழுத்தாள். மலையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. அவர் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“எது தேறுச்சு?”

“மூணாவதுதான் சார். எதைக் குடுத்தாலும் அப்படியே வாங்கிக்குது.”

“திரும்ப எடுத்துப் பார்த்தீங்களா? அதுதானே முக்கியம்.”

“பார்த்தேன் சார்,” என்றது அது. “ஒரு வித்தியாசமும் இல்ல.”

“அப்ப நம்ம ஆஸ்பத்திரியோட எல்லாக் கிளைக்கும் இதையே சொல்லிடலாம். இந்த மாதிரி இன்னும் எத்தனை கெடைக்கும்னு வியாபாரியைக் கேளுங்க.” மேசையைப் பார்த்தார். “என்ன அது, டிக்கு டிக்குன்னு?”

“சூடாறுது சார். சரியாயிடும்.”

மேலாளர் போனபிறகு அது நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்தது. நல்ல வேலைக்காரி. அவள் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்ட பழைய கோப்புகளை எல்லாம் ஒழுங்குபண்ணியது. அவள் அதன் காதருகே கத்தினாள், தோளைக் குத்தினாள், காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். என்னை விட்டுடு. வீட்டுக்கு மட்டும் போகாதே. என்ன வேணும்னாலும் செய்யறேன். டிக், டிக், டிக். ஒரே ஒருமுறை அது டிரைவின் விளக்கைத் திரும்பிப் பார்த்து, அழுகிற குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தது.

நாலரை மணிக்கு எழுந்து வெளியே போனது. பத்து நிமிடம் கழித்து விளக்குகள் அணையவிருந்த நேரத்தில் திரும்பி வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு வாலு.

பள்ளிக்கூடப் பை. முன்பல் விழுந்த வாய். நேற்றுக் குளத்தில் நனைந்து இன்னும் சிக்கெடுக்காத தலை.

“ஐயோ, எவ்ளோ குளுருது,” என்றாள் வாலு. “இங்கதான் நீ வேலை செய்யறியா?”

“ஆமா. இந்த நாற்காலில உக்காரு.”

வாலு ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. கால் தரைக்கு எட்டாமல் ஆடியது. அது டிரைவிலிருந்த டேப்பை வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, புதிதாக ஒன்றை உள்ளே தள்ளியது. சர்ரென்று இழுத்துக்கொண்டது டிரைவ். அவள் குழந்தைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் விரித்து, முடிந்த அளவு அகலமாக, முடிந்த அளவு உயரமாக நின்றாள். அவளை ஊடுருவிக்கொண்டு ஆரஞ்சு வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுந்தது.

“இப்ப நிறையப் பேசு,” என்றது அது. “நீச்சல் பத்திப் பேசு. ஸ்கூல் பத்திப் பேசு. யார்கிட்டயும் சொல்லாதது இருந்தா அதையும் நெனச்சுக்கோ.”

“எதுக்கும்மா?”

“பத்திரமா வெக்கத்தான்.”

வாலு பேச வாயெடுத்தாள். நிறுத்தினாள். தலையைச் சாய்த்து அலமாரிப் பக்கம் காது கொடுத்தாள். அங்கே அடுக்கிலிருந்த டேப் மெதுவாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, அதுக்குள்ள யாரோ தட்றாங்க.”

“ஆமா கண்ணு,” என்றது அது, குழந்தையின் தலையில் சிக்கெடுத்துக்கொண்டே. “நீ பேசு.”

வாலு கால்களை ஆட்டிக்கொண்டு, நேற்றுக் குளத்தில் காலுக்குத் தரை எட்டாமல் போன இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.